வெயிலுக்குக் கணக்கு எழுதிய ஆமதாபாத்

நம் ஊரில் கத்திரி வெயில் என்றால் பயப்படுவோம். ஆமதாபாத்தில் மணிநகர், கோக்ரா பக்கம் குடியிருக்கும் தமிழர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே காற்றும் சேர்ந்து சுடும்.

2010-ம் ஆண்டு மே மாதம் அந்த நகரில் வெயில் 46.8 டிகிரி வரை ஏறியது. சுடுகாடுகளில் கூட்டம். ஆனால் வெயிலால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. வெயில் ஆளைக் கொன்றாலும் சான்றிதழில் "மாரடைப்பு" என்றோ, "சிறுநீரகக் கோளாறு" என்றோதான் பெரும்பாலும் எழுதுவார்கள்.

பதிவேட்டைப் புரட்டினார்கள்

காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகத்தினர் வேறு வழியில் போனார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தினரும் அவர்களுடன் சேர்ந்தார்கள். நோயின் பெயரை விட்டுவிட்டு, மாநகராட்சியின் மரணப் பதிவேட்டில் தலைகளை மட்டும் எண்ணினார்கள்.

2009, 2011 ஆகிய இரு ஆண்டுகளின் மே மாதச் சராசரி 3,118 மரணங்கள். 2010 மே மாதத்தில் 4,462. ஒரே மாதத்தில் 1,344 உயிர்கள் கூடுதலாகப் போயிருந்தன!

இந்தக் கணக்கு அச்சில் வந்தது 2014-ல். மாநகராட்சி அதுவரை காத்திருக்கவில்லை. 2013-லேயே இந்த ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வெப்பத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. தெற்கு ஆசியாவில் இதுவே முதல் திட்டம்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

திட்டம் எளிமையானது. வரப்போகும் வெயிலை முன்கூட்டியே கணித்து, நிறம் சொல்லி எச்சரிப்பார்கள். 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள். 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு. 45 என்றால் சிவப்பு. உடனே ஆஸ்பத்திரிகளுக்கும் ஆம்புலன்சுகளுக்கும் செய்தி போகும். தண்ணீர்ப் பந்தல் திறப்பார்கள். மத்தியானம் பூட்டிக் கிடந்த பூங்காக்களையும், மரநிழலுக்காகத் திறந்து வைத்தார்கள்.

2014, 2015 ஆகிய ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்குச் சராசரி 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இது மதிப்பீடுதான். ஆனாலும் சின்ன எண் அல்ல.

பச்சைக் குழந்தைகள்

மனதைத் தொடும் சங்கதி சாரதாபென் ஆஸ்பத்திரியில் நடந்தது. அது மாநகராட்சி ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு மேல் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. 2010 கோடையில் பிறந்த குழந்தைகள் வெப்பம் தாக்கி, தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபடி இருந்தன. 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அப்படி வந்த குழந்தைகள் 43 சதவீதம் அதிகமானதாக டாக்டர்கள் கண்டார்கள்.

வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அதனால் வெப்பத் தாக்குதலுக்குச் சேர்க்கப்படும் குழந்தைகள் 64 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. புதுக் கட்டடமோ, வெளிநாட்டு இயந்திரமோ வேண்டியிருக்கவில்லை. கட்டில்களை இறக்கினார்கள், அவ்வளவுதான்.

நாள் கூலிக்காரர் என்ன செய்வார்?

உலகம் சூடாகிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட கோடைகள் இனி அடிக்கடி வரும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் குமாஸ்தா சமாளித்துவிடுவார். சாரத்தில் நிற்பவருக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் "வெளியே போகாதே" என்று எச்சரித்துப் பயன் என்ன? போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. சிவப்பு நாளின் செய்தி மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் போக வேண்டும்; வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்ற உத்தரவு வேண்டும். திட்டத்தின் பலவீனம் இங்கேதான் என்பது நம் எண்ணம்.

இரவும் ஒரு தொல்லை. பகலெல்லாம் காய்ந்த கூரை, விடிய விடிய வெப்பத்தைக் கக்கும். இதற்காக 2017-ல் ஏழைகளின் வீடுகளில் கூரைக்கு வெள்ளையடிக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எந்த ஊரில் இருப்பவரும் இதைச் செய்து பார்க்கலாம். தளத்துக்குச் சுண்ணாம்பு போதும்; தகரத்தில் அது நிற்காது, வெள்ளைப் பெயின்ட் வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். அடுத்த பங்குனியில் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.