மின்மினியின் உடலில் குடியிருப்போர்

ஆழ்கடல் மீன்கள் சிலவும், ஹவாய்த் தீவுக் கடலில் வாழும் சிறு கணவாயொன்றும் தம் உடலிலே பற்றீரியாக்களை வளர்த்து, அவற்றின் ஒளியையே தமது ஒளியாக வீசுகின்றன என்று அறிந்தவர்களுக்கு, எட்டியாந்தோட்டை இறப்பர் மலைகளிலும் இறக்குவானைத் தேயிலை மலைகளிலும் மழை ஓய்ந்த இரவிலே லயத்துப் பிள்ளைகள் துரத்தித் திரியும் மின்மினியும் அவ்வாறு கடன் வாங்கித்தான் பிரகாசிக்கின்றதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. இத்தாலிய விஞ்ஞானி உம்பர்ட்டோ பியரண்டோனி 1914ஆம் ஆண்டிலே அந்த அபிப்பிராயத்தையே வெளியிட்டார்.

அது நிலைக்கவில்லை. மின்மினியின் வயிற்றடியிலுள்ள உறுப்பிலே லூசிபெரின் என்னும் பொருள், லூசிபெரேஸ் என்னும் நொதியத்தின் துணையோடு ஒட்சிசனுடன் கூடும்போது ஒளி பிறக்கின்றது. அதற்குச் சக்தியாக வேண்டியிருப்பது, நம் தசைகளையும் இயக்கும் ஏ.டி.பி. என்பதை 1947இல் அமெரிக்கரான வில்லியம் மக்கெல்ராய் நிரூபித்தார். அந்த ஆராய்ச்சிக்காக, நூறு பூச்சிக்கு 25 சதம் என்று பால்ட்டிமோர் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்து அவர் மின்மினி சேர்த்தார்.

எனினும், ஒளிக்குக் காரணமல்ல என்பதனால் பற்றீரியாவுக்கும் மின்மினிக்கும் சம்பந்தமே இல்லையென்று முடிவுகட்டிவிடலாகாது. 1990இல் அமெரிக்க மின்மினிகளின் உடலிலிருந்து, கலச்சுவரே இல்லாத மூன்று புதிய பற்றீரியா இனங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. சுவரைத் தாக்கியே கிருமியைக் கொல்லும் பெனிசிலின் இவற்றிடம் செல்லாது. ஸ்டெரோல் என்னும் கொழுப்புப் பொருளைத் தாமே ஆக்க மாட்டாமல் பிறரிடமே பெறவேண்டிய பராதீன ஜீவன்கள் இவை. 2018இல் அமெரிக்க மின்மினியொன்றின் ஜீனோம் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, இக்கூட்டத்தைச் சேர்ந்த பற்றீரியா ஒன்றின் ஜீனோமும் கூடவே வெளிப்பட்டது. ஒளிக்கு அடுத்தபடியாக மின்மினியிடத்தில் வியக்கத்தக்கது இந்தக் குடித்தனமே.

நம் இலங்கை நாட்டிலே லம்பிரிஜெரா டெனெபுரோசா என்னும் பெருமின்மினி உண்டு. அதன் வாழ்க்கை வரலாற்றை விவசாயத் திணைக்களத்துக்காக ஹட்சனும் ஒஸ்ரினும் 1924இலேயே எழுதிவைத்தனர். பெண்ணுக்குச் சிறகே இல்லை. அதன் புழு, 1900ஆம் ஆண்டளவில் இங்கு வந்து பயிரை நாசமாக்கிய ஆபிரிக்க நத்தையைக் கடித்து மயக்கி, அதன் மாமிசத்தை உண்டு வளர்கின்றது. ஈரமண்ணோடும் நத்தையோடும் காலங்கழிக்கும் இப்புழுவின் குடலைப் போல, இத்தகைய பற்றீரியாக்களைத் தேடுவதற்கேற்ற ஆராய்ச்சிக் களம் வேறு கிடைப்பது அரிது என்பது என் துணிபு. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இதனைக் கையிலெடுக்க வேண்டும். தோட்டத்து மக்களும் கானோரத்தில் மினுங்கி ஊரும் புழுவை மிதித்துவிடாமலும், களைக்கொல்லி தெளிக்கையில் அந்த ஈர நிலத்தை விட்டுவைத்தும் உதவ வேண்டும்.