மூச்சுக் கருவியில் இருப்பவருக்கு எந்த மயக்க மருந்து?



மலையில் தரையில் படுத்துத் தூங்குவோரைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடிவதற்குள் இமை தொங்கும், நாக்குக் குழறும், மூச்சு அடங்கும். அப்படிப்பட்டவரை 108 வண்டியில் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ கொண்டு சேர்த்தால், விஷமுறிவு மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் விட்டு, மூச்சுக் கருவியில் (வென்டிலேட்டர்) வைப்பார்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கும், கடுமையான நிமோனியா கண்டவருக்கும் இதே கருவிதான்.

வெளியே காத்திருக்கும் கணவரோ மனைவியோ நம்மிடம் கேட்பது இதுதான்: "கூப்பிட்டா கண்ணே தொறக்கலீங்க. ஊசி போட்டு மயக்கத்துலயே வெச்சிருக்காங்க. இனிமே பொழைக்குமா? ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?"

கூட்டிப் போகாதீர்கள்! கட்டுவிரியன் விஷத்தால் மூச்சு நின்றவர்களில் பெரும்பாலோர், கருவி சில நாள் தாங்கினால் எழுந்து நடந்தே வீடு வருகிறார்கள்.

மயக்க மருந்து எதற்கு?

தொண்டையில் குழாய் இருந்தால் வலிக்கும், இருமல் வரும், பயம் வரும். நோயாளி குழாயைப் பிடுங்கிவிடுவார். ஆகவே முதலில் வலி தீர மார்ஃபின் அல்லது ஃபென்டனில் கொடுப்பார்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் மயக்க மருந்து.

மூன்று மருந்துகள்

சாமை விதைக்கிற சரிவு வேறு, நெல் நடுகிற பள்ளம் வேறு. மருந்தும் ஆளுக்குத் தக்கபடிதான்.

1. மிடாசோலம்: வலிப்பை அடக்கும். பூச்சிமருந்து விஷத்தால் வலிப்பு வந்தவருக்கும், குடியைத் திடீரென நிறுத்தியதால் நடுக்கம் கண்டவருக்கும் உதவும். பல நாள் கொடுத்தால் உடம்பில் தங்கிவிடும். நிறுத்திய பிறகும் விழிக்க நேரமாகும். மனக்குழப்பமும் வரலாம்.

2. புரோபோஃபால்: பால்போல வெள்ளையாக இருக்கும். சீக்கிரம் தூங்க வைக்கும். நிறுத்தினால் சீக்கிரம் விழிப்பார். ஆனால் இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும்.

3. டெக்ஸ்மெடிடோமிடின்: லேசான தூக்கம் தரும். தட்டி எழுப்பினால் கண் திறந்து சொன்னதைச் செய்வார். மூச்சை அவ்வளவாக அடக்காது. நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆழ்ந்த மயக்கம் வேண்டியவருக்கு இது மட்டும் போதாது.

எது உசத்தி?

"வெல கூடின ஊசி இருந்தா எழுதிக் குடுங்க, ஆட்ட வித்தாவது வாங்கியாறோம்" என்பார்கள். அது வேண்டியதில்லை. சுமார் 4,000 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்களிலும், வழக்கமான மருந்து பெற்றவர்களிலும் 90 நாளுக்குள் இறந்தவர் தொகை ஒன்றாகவே இருந்தது.

மருந்தின் பெயரைவிட அளவு முக்கியம். 2000இல் அமெரிக்காவில் 128 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் ஒருமுறை மருந்தை நிறுத்தி விழிக்க வைக்கப்பட்டவர்கள் சுமார் 5 நாளில் கருவியிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களுக்கு 7 நாளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே மருந்தை நிறுத்திப் பார்த்தால், "கை விட்டுட்டாங்க" என்று பயப்படாதீர்கள். தேறுகிறாரா என்று பார்க்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது தெரிய வேண்டும்.

2. மனைவிக்கு நாள் தள்ளிப் போயிருந்தாலும், பால் கொடுக்கிற குழந்தை இருந்தாலும் சொல்லுங்கள். தாய்க்குப் போகிற மருந்து பிள்ளைக்கும் போகும்.

3. வலிப்பு, இருதய நோய், நாட்டு மருந்து உட்பட முன்பு சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

4. படுக்கையருகே அழுது புலம்பாதீர்கள். கட்டுவிரியன் விஷம் இமையைக் கட்டிப்போடும். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகள் சௌக்கியம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே மந்திரிக்க நேரம் போக்காமல் 108ஐ அழையுங்கள்.

மயங்கிக் கிடப்பவர் மீண்டு வருவார், பொறுத்திருங்கள்!