ஆஸ்திரேலியர்களைக் கடுப்பேற்றும் 'ஷ்ரிம்ப்' ஜோக்... பின்னணி என்ன?

ஆஸ்திரேலியான்னு சொன்னதும் முதலை, கங்காரு, பார்பிக்யூ... இதானே ஞாபகத்துக்கு வரும்? அதிலும் 'ஷ்ரிம்ப் ஆன் தி பார்பி' என்று ஜோக் அடித்தால் அங்கே பலரும் கடுப்பாகிவிடுவார்கள்.

காரணம் சிம்பிள். இறாலுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'பிரான்'. 1984-ல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளை இழுக்க எடுத்த விளம்பரத்தில், அவர்களுக்குப் புரியட்டும் என்றுதான் நடிகர் பால் ஹோகன் 'ஷ்ரிம்ப்' என்றார். 1986-ல் அவரே நடித்த 'குரோக்கடைல் டண்டீ' படம், முதலையோடு மல்லுக்கட்டும் ஆள்தான் ஆஸ்திரேலியர் என்ற பிம்பத்தையும் பரப்பியது.

'லக்கி கன்ட்ரி' கதையும் இப்படித்தான். 1964-ல் டொனால்ட் ஹார்ன் தன் புத்தகத்துக்கு அந்தத் தலைப்பை வைத்தது பாராட்ட அல்ல, குத்திக்காட்ட. தலைமை சுமார்தான், நாடு ஓடுவது அதிர்ஷ்டத்தில் என்பது அவர் வாதம். இன்று அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்.

நிஜம் வேற. பெரும்பாலானோர் நகரவாசிகள். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 28 சதவிகிதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். டண்டீ பிம்பத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. சிட்னியிலேயே பிறந்து வளர்ந்த ஆசிய முகத்தைப் பார்த்து, 'நிஜமா எந்த ஊரு?' என்று கேட்க வைப்பதும் இதே பிம்பம்தான். ஜோக் சின்னது, அந்தக் கேள்வி தரும் வலி சின்னதல்ல.