ஐந்து கட்டங்களும் ஒரு ஸட்ஜமும்

சென்ற பொங்கல் விழாவில் நாம் கிதார் வாசித்ததையும், பாதியில் நிறுத்திக்கொண்டு மேடையின் ஓரமாக நழுவியதையும் அன்பர்களிற் பலர் நேரில் கண்டிருப்பார்கள். என்ன நேர்ந்தது என்று கேட்டவர்கள் சிலர்; கேளாமலே புன்னகை புரிந்தவர்கள் பலர். இரு சாராருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். நம்மவர் இல்லங்களில் கிதார் பயிலும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாம் விழுந்த குழியில் அவர்களும் விழவேண்டா.

அன்று நாம் வாசிக்க முயன்றது ப்ளூஸ் என்னும் இசை. அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைமுறை 1865-இல் ஒழிந்த பின்னும் பருத்தி வயல்களில் வாடிய கறுப்பின மக்களிடையே பிறந்தது அது. வேலைப் பாட்டும் தேவாலயப் பாட்டும் அதனை வளர்த்தன. பிழைப்புத் தேடி அம்மக்கள் சிகாகோ போன்ற வடபுல நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, பாட்டும் உடன் சென்றது. 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ சேர்ந்த மடி வாட்டர்ஸ், நகரத்து இரைச்சலில் தம் வாசிப்புக் கேட்கவேண்டி மின்கிதாரைக் கையில் எடுத்தார். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களின் பாட்டு என்பதனாலேயே அது நம்மைப் பற்றிக்கொண்டதோ, என்னவோ!

நமக்குக் கற்பித்தவர் குடியிருப்பில் வாழும் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர். வீணைக்கு இருப்பதுபோலவே கிதாருக்கும் மெட்டுக்கள் உண்டு. தடித்த தந்தியின் 5-ஆம் மெட்டில் 'ஏ' என்னும் சுரம் நிற்கிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து சுரங்களை ஆறு தந்திகளிலும் தேடினால், தந்திக்கு இரண்டாக விரல்கள் வைக்கும் இடங்கள் ஒரு கட்டமாக அமைகின்றன. இதனை மைனர் பென்டடானிக் என்பார்கள். நம் கணக்கில் ஸ, க, ம, ப, நி. அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். ஐந்து சுரங்களும் தடித்த தந்தியில் ஒவ்வொன்றாகத் தலைமை ஏற்க, ஐந்து கட்டங்கள் பிறக்கின்றன. 'ஏ' சுருதியில் அவை 5, 8, 10, 12, 15 ஆகிய மெட்டுக்களில் தொடங்கும். வேறு சுருதி வேண்டுமாயின் கட்டங்கள் அனைத்தையும் அப்படியே மேலோ கீழோ நகர்த்தினால் போதும். கிதாரின் பெரிய வசதி இதுவே. நம் வீழ்ச்சிக்கு விதையும் இதுவே.

பார்சல் ஆபீஸில் பணி முடிந்து வந்து, எட்டு மாதம் இரவுதோறும் கட்டங்களை உருப்போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு 5-ஆம் மெட்டிலிருந்து 15-ஆம் மெட்டுவரை ஏறி இறங்கினோம். இரயில்வே கால அட்டவணையை மனப்பாடம் செய்பவன் எல்லா ஊர்களையும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வது போன்றதே நம் நிலை.

விழா நாளன்று, உடன் வாசித்த கிளாரினெட்காரர் தம் கருவிக்கு இசைவானதென்று 'பி ஃப்ளாட்' சுருதியை வேண்டினார். 'ஏ'க்கும் அதற்கும் ஒரே ஒரு மெட்டுத்தான் வேறுபாடு. நாமும் தலையசைத்தோம். முதற்கட்டத்தை 6-ஆம் மெட்டில் வைத்து ஒருவாறு சமாளித்தோம். ஆனால் கிதாரின் கழுத்தில் 3, 5, 7, 9, 12 ஆகிய மெட்டுக்களிலேயே பொட்டு வைத்திருப்பார்கள். எட்டு மாதமாக அப்பொட்டுக்களைக் கொண்டே நாம் வழி கண்டவர்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஏறியபோது கை பழக்கத்தின்படி 9-ஆம் மெட்டை விட்டு 8-க்கே போயிற்று. அதன்பின் வாசித்ததெல்லாம் அரைச்சுரம் இறங்கி ஒலித்தது. முன்வரிசையில் இருந்த மகள் தலைகுனிந்தாள். அதனைக் கண்டபின் விரல் ஓடவில்லை.

வீடு திரும்பியதும், சிறுவயதில் வாய்ப்பாட்டுப் பயின்ற இல்லாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “கட்டம் கட்டமாக விரலை வைக்கிறீர்களே, உங்கள் ஸட்ஜம் எங்கே இருக்கிறது?”

நமக்குத் தெரியவில்லை! முதற்கட்டத்தில் மட்டுமே 'ஏ' மூன்று இடங்களில் வருகிறது: ஆறாம் தந்தியிலும் முதல் தந்தியிலும் 5-ஆம் மெட்டில், நான்காம் தந்தியில் 7-ஆம் மெட்டில். எட்டு மாதம் மிதித்துச் சென்ற அவ்விடங்களில் ஒருமுறையேனும் நின்றோமில்லை.

மறுநாளே பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, ஒரு சுரத்தை முதலில் வாயால் பாடி, பிறகே விரலால் தேடுவது என்று விதித்துக்கொண்டோம். ப்ளூஸ் வழக்கமாகப் பன்னிரண்டு தாளக்கட்டில் சுற்றிவருவது. உடன் ஒலிக்கும் சுரக்கூட்டு ஸட்ஜத்திலிருந்து மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் போய்த் திரும்பும். அது வீடு திரும்பும் கணத்தில் நாமும் ஸட்ஜத்தில் வந்து நின்றால், கேட்பவர் நெஞ்சில் ஏதோ ஒன்று அடங்குகிறது.

மற்றொரு நுட்பமும் அப்போதுதான் காதில் விழுந்தது. துணைச் சுரக்கூட்டில் அந்தர காந்தாரம் ஒலிக்க, வாசிப்பவனோ சாதாரண காந்தாரத்தைத் தொடுகிறான். ஏட்டின்படி இது முரண். ஆனால் மூன்றாம் தந்தியின் 5-ஆம் மெட்டில் தந்தியைச் சற்றே இழுத்தால் அக்காந்தாரம் இரண்டுக்கும் நடுவே தவிக்கிறது. ப்ளூஸின் ஏக்கம் பெரிதும் அத்தவிப்பில் இருக்கிறது. காந்தாரத்தை அசைத்துப் பாடும் நம்மவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எந்தக் கட்டத்தின் படத்திலும் அந்த இடத்துக்குப் புள்ளி கிடையாது.

2015-இல் மறைந்த பி. பி. கிங்கின் வாசிப்பை இப்போது வேறு செவியுடன் கேட்கிறோம். கழுத்து முழுதும் ஓடும் ஆசை அவருக்கு இல்லை. இரண்டாம் தந்தியில் ஸட்ஜத்தின்மேல் ஆட்காட்டி விரலை வைத்து, சுற்றியுள்ள நாலைந்து சுரங்களில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அடுத்த வாக்கியத்தைப் பாட்டாகப் பாடுவார். கிதார் பயில்வோர் அச்சிறிய இடத்துக்கு அவர் பெயரையே இட்டு வழங்குகின்றனர். அவர் மோகனத்தின் சுரங்களையும் இடையிடையே கலப்பார். அதற்கும் புதுக் கட்டம் வேண்டியதில்லை: முதற்கட்டத்தையே மூன்று மெட்டுக் கீழிறக்கி, 'ஏ'யையே ஸட்ஜமாகக் கொண்டால் மோகனம். நம் இசையில் கிரகபேதம் என்பது இதுவே.

இன்று நாம் வாசிப்பது இரண்டு கட்டங்கள் மட்டுமே. மற்ற மூன்றும் விரலுக்குத் தெரியும்; இன்னும் பாடிப் பார்த்ததில்லை. மாலையில் மகள் எதிரே அமர்ந்து, நாம் கண்ணை மூடியிருக்கையில் தனக்குத் தோன்றிய சுருதியை மாற்றி வைக்கிறாள். நேற்று 'பி ஃப்ளாட்' வைத்தாள்.