மெயினுக்கு முன்னால் ஓடுபவை

போன வருஷம் அறுவடை சமயத்தில் ஒரு ராத்திரி, போடிமெட்டுக்கு மேலே என் அத்தை மகனுடைய ஏலக்காய் ஸ்டோரில், நான் செய்து கொடுத்திருந்த பெட்டி கத்த வேண்டிய நேரத்தில் கத்தவில்லை. விடிகாலையில் போன் வந்தது. "மாப்ள, ஒன் பெட்டி 66னு காட்டிக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கு. சத்தமே வரல. காய் பூரா வெளுத்துப்போச்சு."

ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்க வேண்டாம். எங்க பக்கம் காய் உலர்த்தும் கட்டடத்துக்கு அதுதான் பெயர். பறித்த பச்சைக் காயில் 80 சதவீதம் வரைக்கும் தண்ணீர் இருக்கும். அதை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். விறகு அடுப்பின் சூட்டைக் குழாய் வழியாக அறைக்குள் விட்டு, 50 டிகிரியை ஒட்டி வைத்து, ஒரு ராத்திரி முழுக்க உலர்த்துவார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே அந்த நிறத்தைத்தான். நிறம் போன காய்க்கு விலையும் போச்சு. அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டாமே என்றுதான் அந்தப் பெட்டி: ஒரு சென்சார், ஒரு சின்ன ஸ்கிரீன், 60 டிகிரியைத் தாண்டினால் கத்தும் ஒரு பஸ்ஸர். அதை நம்பித்தான் மச்சான் தூங்கியிருக்கிறார்.

தப்பு அடுப்பிலும் இல்லை, சென்சாரிலும் இல்லை. ஒரு வாரம் முன்னால் நான் ஃபைல்களைக் கொஞ்சம் 'ஒழுங்குபடுத்தி', லைப்ரரியாக மாற்றி, புதுசாக பில்ட் செய்து ஏற்றியிருந்தேன். எர்ரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. பஸ்ஸரைக் கவனிக்கும் கோட் மட்டும் பைனரிக்குள் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

ஒரு புரோகிராம் மெயினில் தொடங்குகிறது என்று காலேஜில் படித்தோம். அது பாதி உண்மை. சி பிளஸ் பிளஸில் ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் இருந்தால், அதன் கன்ஸ்ட்ரக்டர் வழக்கமாக மெயினுக்கு முன்னாலேயே ஓடி முடித்திருக்கும். ஜிசிசியில் சாதாரண சி ஃபங்ஷனுக்கும் கன்ஸ்ட்ரக்டர் என்று முத்திரை குத்தி முன்னாலேயே ஓட விடலாம். என் பெட்டியின் வடிவமைப்பு இதை நம்பித்தான் இருந்தது. ஸ்கிரீனுக்கு ஒரு ஃபைல், பதிவு எழுத ஒரு ஃபைல், அலாரத்துக்கு ஒரு ஃபைல். ஒவ்வொன்றிலும் ஒரு கன்ஸ்ட்ரக்டர், அது தன்னை ஒரு பொதுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். மெயின் ஒவ்வொரு நொடியும் அந்தப் பட்டியலைச் சுற்றி வரும். புதுசாக ஒரு வசதி வேண்டுமென்றால் ஒரு ஃபைல் சேர்த்தால் போதும், மெயினைத் தொட வேண்டாம். யாருக்கும் யார் பெயரும் தெரியாத ஏற்பாடு. எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆனால் யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் எப்படி ஓடும்? கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். மற்ற ஃபைல்களில் எத்தனை கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அது ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறது: ஆப்ஜெக்ட் ஃபைலில் 'இனிட் அரே' என்று ஒரு தனி செக்‌ஷன், அதில் அந்த ஃபங்ஷனின் முகவரிக்கு ஒரு இடம். 32 பிட் சிப்பில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். முகவரி அப்போது தெரியாது என்பதால் "இந்த இடத்தில் இந்த ஃபங்ஷனின் முகவரியை நிரப்பு" என்று ஒரு ரீலொகேஷன் குறிப்பும் கூடவே போகும். அந்த இடத்தை நிரப்புவது லிங்கரின் வேலை.

போடியில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பல தோட்டங்களிலிருந்து காய் வந்து சேரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு லாட் நம்பர், எல்லாம் ஒரே பட்டியல். ஏலம் அந்தப் பட்டியல் வரிசையில் போகும். லிங்கர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலிலும் உள்ள இனிட் அரே துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, தொடக்கத்தில் ஒரு சிம்பல், முடிவில் ஒரு சிம்பல் வைக்கும். புரோகிராம் எழும்போது ஸ்டார்ட்அப் கோட் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போய், ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிடும். மைக்ரோ கன்ட்ரோலரில் நியூலிப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையைச் செய்கிற ஃபங்ஷன் தனியாக இருக்கிறது. சொந்தமாக ஸ்டார்ட்அப் எழுதும் ஆட்கள் அதைக் கூப்பிட மறப்பது இன்னொரு கதை.

இந்த ஏற்பாடு எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சி பிளஸ் பிளஸின் முதல் கம்பைலர், பெல் லேப்ஸில் பிறந்த சிஃப்ரன்ட், சி கோடாக மாற்றித்தான் கொடுக்கும். அந்தக் கால லிங்கர்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் லிங்க் செய்து முடித்தபின் 'மன்ச்' என்று ஒரு புரோகிராம், பைனரியின் சிம்பல் பட்டியலைப் படித்து, குறிப்பிட்ட மாதிரி பெயர் வைத்த ஃபங்ஷன்களைப் பொறுக்கி எடுத்து, அட்டவணையாக ஒரு சின்ன சி ஃபைல் எழுதும். அதையும் சேர்த்து மறுபடி லிங்க். ஜிசிசியும் லிங்கர் உதவாத கணினிகளில் இதையேதான் செய்கிறது, அந்த வேலையைச் செய்பவர் பெயர் 'கலெக்ட் டூ'. ஒரு தடவை லிங்க் பண்ணு, பெயரைத் தேடு, சி ஃபைல் எழுது, கம்பைல் பண்ணு, திரும்ப லிங்க் பண்ணு. பார்க்க அசிங்கம்தான். ஆனால் வேலை நடந்தது.

ஈஎல்எஃப் வடிவம் வந்தபின் ஜிசிசி 'சிடார்ஸ்' என்ற செக்‌ஷனைப் பயன்படுத்தியது. இதில் ஒரு வேடிக்கை. லிங்க் வரிசையில் கிட்டத்தட்ட முன்னால் வரும் 'சிஆர்டி பிகின்' ஆப்ஜெக்ட் பட்டியலின் தலையில் -1 வைக்கும். கடைசிப் பக்கம் வரும் 'சிஆர்டி எண்ட்' முடிவில் 0 வைக்கும். ஓட்டும் கோட் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து -1ஐப் பார்த்ததும் நிற்கும். ஆமா, பட்டியல் தலைகீழாகத்தான் ஓடும். அதில் ஒரு நியாயமும் உண்டு. லிங்க் கட்டளையில் லைப்ரரிகளைக் கடைசியில்தான் எழுதுவோம், பின்னாலிருந்து ஓடினால் லைப்ரரி முதலில் தயாராகிவிடும், அதை நம்பியிருக்கும் நம் கோட் பிறகு ஓடும்.

இனிட் அரே நேராக ஓடும். 2012இல் வந்த ஜிசிசி 4.7 லினக்ஸில் இதற்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் பயர்ஃபாக்ஸ் மாதிரி பெரிய புரோகிராம்கள். நூற்றுக்கணக்கான கன்ஸ்ட்ரக்டர்கள் தலைகீழாக ஓடும்போது டிஸ்க்கிலிருந்து பக்கங்களும் தலைகீழாகப் படிக்கப்பட்டு, திறக்கவே நேரம் பிடித்தது. பழைய ஆப்ஜெக்ட் ஃபைலையும் புதுசையும் ஒன்றாக லிங்க் செய்கிறவர்களை லிங்கர் கைவிடவில்லை. குனு லிங்கர் பழைய சிடார்ஸ் துண்டை இனிட் அரேக்குள் வைக்கும்போது, அந்தத் துண்டுக்குள் இருக்கும் முகவரிகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பைட்டுகளை அடுக்குவதுதான் லிங்கரின் குணம். இங்கே அந்தக் குணத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

முன்னுரிமை எண் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. 200 என்று கொடுத்தால் புது முறையில் செக்‌ஷன் பெயரின் வாலில் 00200 வரும். பழைய முறையில் பட்டியல் தலைகீழாக ஓடுவதால் 65535இல் அதைக் கழித்து 65335 என்று வைத்தார்கள். இரண்டும் ஒரே முன்னுரிமைதான் என்று லிங்கர் புரிந்துகொண்டு வரிசைப்படுத்தும். 100 வரைக்கும் உள்ள எண்கள் கம்பைலருக்கும் அதன் லைப்ரரிக்கும் ஒதுக்கியவை, நாம் தொடக்கூடாது. மைக்ரோசாஃப்ட் பக்கம் எண்ணெல்லாம் கிடையாது. செக்‌ஷன் பெயரில் டாலர் குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

முன்னுரிமை கொடுக்காவிட்டால்? ஒரே ஃபைலுக்குள் மேலிருந்து கீழாக என்று மொழி உறுதி தருகிறது. இரண்டு ஃபைல்களுக்கு இடையில் எந்த உறுதியும் இல்லை. நடைமுறையில் லிங்க் கட்டளையில் எழுதிய வரிசைதான் தீர்மானிக்கும். என் பொதுப் பட்டியலே கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒரு ஆப்ஜெக்டாக இருந்திருந்தால், அலாரம் தன்னைப் பதிந்தபிறகு பட்டியலின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி எல்லாவற்றையும் துடைத்திருக்கலாம். முதலில் எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் நான் பட்டியலின் தலையை வெறும் பாயின்டராக வைத்திருந்தேன். அப்படிப்பட்டவை எந்தக் கன்ஸ்ட்ரக்டரும் ஓடுவதற்கு முன்னால் பூஜ்ஜியமாகிவிடும். ஆக, அது இல்லை.

அப்புறம்தான் மேப் ஃபைலைத் திறந்தேன். லிங்கர் எதை எங்கே வைத்தது என்று எழுதித் தரும் அறிக்கை அது. அலாரம் ஆப்ஜெக்ட் அதில் இல்லவே இல்லை.

விஷயம் ரொம்ப எளிது. ஆப்ஜெக்ட் ஃபைலை நேராகக் கொடுத்தால் லிங்கர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்ளும். லைப்ரரியாக, அதாவது ஆர்க்கைவாகக் கொடுத்தால் அப்படி இல்லை. இதுவரை தேடிக்கொண்டிருக்கும் சிம்பல் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்கும். இருக்கிற உறுப்பை மட்டும் வெளியே எடுக்கும், மிச்சத்தைத் திறக்கக்கூட மாட்டாது. ஸ்கிரீன் ஃபைலில் இருந்த ஒரு ஃபங்ஷனை மெயின், 'வணக்கம்' காட்டுவதற்காகக் கூப்பிட்டது. பதிவு ஃபைலை நேரம் செட் செய்யக் கூப்பிட்டது. அதனால் அவை இரண்டும் வந்துவிட்டன, கூடவே அவற்றின் கன்ஸ்ட்ரக்டர் சீட்டும் வந்தது. அலாரத்தை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையில்லாதபடிதானே பெருமையாக எழுதியிருந்தேன்! அதன் சீட்டு ஆர்க்கைவுக்குள்ளேயே கிடந்தது. டெப்போவுக்கு வந்து சேராத மூட்டைக்கு லாட் நம்பர் ஏது?

லிங்கர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தேவையானதை மட்டும் எடுப்பதற்குத்தான் ஆர்க்கைவே. இதே சிக்கலின் தம்பி ஒருவன் இருக்கிறான்: யாரும் சுட்டாத செக்‌ஷன்களைக் கழிக்கும் 'ஜிசி செக்‌ஷன்ஸ்' வசதி. இனிட் அரேயையும் யாரும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை என்பதால்தான் லிங்கர் ஸ்கிரிப்டில் அதைச் சுற்றி 'கீப்' என்று எழுதியிருப்பார்கள். சொந்த ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்த வார்த்தையை விட்டுவிடாதீங்க.

தீர்வுகள் மூன்று. ஆர்க்கைவை முழுசாக எடுக்கச் சொல்லும் 'ஹோல் ஆர்க்கைவ்' ஆப்ஷன். அதைப் போட்டால் பின்னாலேயே 'நோ ஹோல் ஆர்க்கைவ்' போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் லைப்ரரிகளும் முழுசாக உள்ளே வந்து ஒரே பெயர் இரண்டு தடவை என்று சண்டை வரும். இரண்டாவது, 'யு' ஆப்ஷனில் ஒரு சிம்பலைக் குறிப்பிட்டு, அதைத் தேட வைப்பது. மூன்றாவது, லைப்ரரி வேண்டாம், ஆப்ஜெக்ட் ஃபைல்களை நேராகக் கொடு. நான் மூன்றாவதற்கே திரும்பிவிட்டேன். சின்ன பெட்டிக்கு லைப்ரரி எதற்கு?

இப்போது பில்ட் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் மேப் ஃபைலில் மூன்று ஃபைலின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கிறது. பெட்டியை ஆன் செய்ததும் மெயின் பட்டியலை எண்ணி, எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பீப் கொடுக்கும். அந்த பீப் அலாரம் ஃபைலை நம்பாமல் நேராக பஸ்ஸரை இயக்குகிறது. புது பெட்டியைக் கொண்டுபோனபோது மச்சான் சந்தேகத்தோடுதான் ஆன் செய்தார். மூன்று பீப் வந்தது.

"ரெண்டு வந்தா?"

"அடுப்பப் பத்தவைக்காதீங்க மச்சான். எனக்கு போன் பண்ணுங்க."