மகமையில் கடற்கரைக்கும் ஒரு பங்கு

நம் தொழிலில் மகமை என்பது புதிய சொல் அல்ல. மூட்டைக்கு இத்தனை காசு என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். அந்தக் கணக்கில் கடற்கரைக்கும் குளத்துக்கும் இனி ஒரு பற்று எழுத வேண்டும் என்பது நம் எண்ணம்.

கடற்கரைக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தேங்காய் வெட்டு வந்ததும் தருகிறோம் என்று சொல்லி வாங்கிப் போன குடும்பங்களுக்கு வெட்டுவதற்கு மரமே இல்லை. தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சரக்கின் பாக்கி நமது பேரேட்டில் பல பக்கங்களில் அப்படியே நிற்கிறது. போய்க் கேட்க நமக்கு வாய் வரவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பலரும் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் தர்மத்துக்கும் பழைய உறவு உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு முதலிய ஊர்களில் கட்டிய சத்திரங்களை நாம் அறிவோம். 1853 முதல் 1912 வரை இந்தக் காட்டின் வருமானத்தில் ஒரு பகுதி சத்திரங்களைப் பராமரிக்கச் செலவானது. காடு அன்று சோறு போட்டது. 1937-இல்தான் அது காப்புக்காடு ஆயிற்று.

இடையில் மரங்களைப் பகுதி பகுதியாக, அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பேறியது. அதில் கன்று எப்படிப் பிழைக்கும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் போல வாய்க்கால் வெட்டி ஏற்றவற்ற நீர் வந்து போக வழி செய்தபின்தான் அங்கே மறுபடி மரம் நின்றது. கஜாவில் அந்தக் காடும் கடுமையாக அடிபட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே நம்மவர்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ள நூறு பேர் வருகிறார்கள். வாய்க்காலில் சேறு சேர்ந்தால் தூர்வாரக் காசு கொடுக்க ஆள் இல்லை. கோயில் கட்டுவதைவிட விளக்கெண்ணெய்க்கு வழி செய்வது கடினம் என்பது நமக்குத் தெரியாததா?

பேராவூரணியில் நடந்ததைப் பாருங்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. கஜாவுக்குப் பின், 2019-இல், நிமல் ராகவன் முதலிய இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பின் பேரில் 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பெரும்பாலும் பொதுமக்கள் கொடுத்த பணம். அரசு வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. குளம் நிறைந்தால் கடைமடைக்காரன் கையில் காசு புரளும், அது நம் கடைக்குத்தானே வரும்!

வரி விஷயமும் கேட்பீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக் கழிவு கிடையாது, காசோலையாகக் கொடுங்கள். அமைப்புக்கு அதற்கான அனுமதி உள்ளதா என்று பார்த்து ரசீது வாங்குங்கள். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிட வேண்டாம்.

நமது கடையில் அரிசி மூட்டைக்கு ஐம்பது காசு தனியே எழுதி வருகிறோம். வாடிக்கையாளர் தலையில் ஏற்றாமல் நமது லாபத்திலிருந்தே எடுக்கிறோம். சங்கம் பொதுவில் ஒரு கணக்குத் திறந்து, வரவு செலவை ஆண்டுதோறும் இவ்விதழில் அச்சிட வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறோம். மறுப்பு உள்ளவர்களும் தவறாமல் வரவும்.