தேங்கினால் தேயும் சரக்கு

வதோதராவில் நாற்பது வருஷமாக அரிசி வியாபாரம் செய்பவன் நான். பொறியியல் படித்தவனல்ல, வாசித்தும் விசாரித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். பரூச் மாவட்டத்துத் தஹேஜில் திரவ இயற்கை வாயு முனையம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால், "கப்பல்ல கேஸ் வருது" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

இயற்கை வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 600 பங்கு வாயு ஒரு பங்கு திரவமாகச் சுருங்கும். தஹேஜுக்கு முதல் கப்பல் கத்தாரிலிருந்து 2004-ல் வந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் டன்னில் தொடங்கிய கொள்ளளவு, 2019-ல் 175 லட்சம் டன்னாயிற்று.

இளவயதில் விலை ஏறுமென்று கோடவுன் நிறைய அரிசி அடுக்கினேன். வண்டு விழுந்து முதலே கரைந்தது. திரவ வாயுவும் அப்படித்தான். எவ்வளவு கனமான காப்புத் தொட்டியானாலும் வெளிச்சூடு உள்ளே நுழையும். நாளுக்குச் சுமார் 0.05 சதவீதம் ஆவியாகும். 1,60,000 கனமீட்டர் தொட்டியில் அது தினம் 80 கனமீட்டர் திரவம்!

அந்த ஆவியை என்ன செய்வது? ஓரளவே அழுத்தி, ரீகண்டென்சர் என்னும் கலனில், வெளியே போகும் குளிர்ந்த திரவத்தோடு கலந்தால் மறுபடி திரவமாகிவிடும். பிறகு பம்பு வைத்து உயரழுத்தத்துக்கு ஏற்றி, சூடாக்கி, வாயுவாகக் குழாயில் விடுவார்கள். வாயுவை அழுத்துவதைவிடத் திரவத்தைப் பம்பு செய்ய மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் வெளியே அனுப்புவது குறைந்தால் கலக்கத் திரவம் போதாது. மிச்ச ஆவியை நிறைய மின்சாரம் செலவழித்துக் குழாய் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும்; முடியாவிட்டால் கொளுத்திவிட வேண்டும். ஆகவே முனையத்தின் லாபம் தொட்டியின் பெருமையில் இல்லை, சீரான ஓட்டத்தில் இருக்கிறது.

இதற்குக் கொச்சி நல்ல பாடம். 50 லட்சம் டன் முனையம் 2013-லேயே தயார். மங்களூருக்கான குழாய் திறக்கப்பட்டதோ 2021 ஜனவரியில். இடைப்பட்ட வருஷங்களில் கொள்ளளவில் சிறு பகுதிதான் பயன்பட்டது. ரோடு போடாத ஊரில் கோடவுன் கட்டின கதை!

குளிர்ச்சியும் ஒரு சரக்குதான். ஜப்பானில் ஒசாகா அருகே செம்போகு முனையத்தில், அந்தக் குளிரைக் கொண்டு காற்றைப் பிரித்துத் திரவ ஆக்சிஜனும் நைட்ரஜனும் எடுக்கிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் அது கடல்நீரிலோ காற்றிலோ கரைந்து போகிறது.

நம் நெல்லுக்கு இடும் யூரியா இயற்கை வாயுவிலிருந்தே பிறக்கிறது. வீணாகும் ஒவ்வொரு பங்கும் கடைசியில் நம் தலையில்தான் விடியும். எண்ணூரிலும் 2019 முதல் ஒரு முனையம் உண்டு. இனி எங்கேயாவது புதிய முனையம் என்று செய்தி வந்தால், 'தொட்டி எவ்வளவு பெரிசு' என்று கேட்காதீர்கள். 'குழாய் எதுவரை, வாங்குகிறவர் யார்' என்று கேளுங்கள்.